கயோட்டிக்குப் பாயின்ட் டூ டூ போதுமா?

கல்லூரி என்சிசி முகாமில் துப்பாக்கி சுட்டவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. 25 மீட்டர் ரேஞ்ச், கீழே ஒரு விரிப்பு, தோளில் கனமான பாயின்ட் டூ டூ ரைஃபிள். சுட்டு முடித்ததும் எழுந்து ஓட விடமாட்டார்கள். காலிக் கூடுகளைப் பொறுக்கி, எண்ணி ஒப்படைத்த பிறகுதான் மூச்சு விடலாம். ஒன்று குறைந்தால் எல்லோரும் புல்லில் மண்டியிட்டுத் தேட வேண்டியதுதான். அப்படித் தேடி எடுத்த கூட்டைத் திருப்பிப் பாருங்கள். சுண்டுவிரலின் ஒரு கணு அளவுதான் இருக்கும். அடிப்பாகத்தின் நடுவில் வெறும் வழவழப்பு. ஓரத்தில், விளிம்பில் மட்டும், நகத்தால் அழுத்தியதுபோல ஒரு சின்னப் பள்ளம். துப்பாக்கியின் ஊசி அடித்த இடம் அது. ரிம்ஃபயர் என்ற பெயருக்குக் காரணமும் அதுவே: விளிம்பில் பற்றும் நெருப்பு.

அமெரிக்கக் கிராமப்புறங்களில் இதே தோட்டாவைத்தான் அணிலுக்கும் முயலுக்கும் வைத்திருக்கிறார்கள். பையன்கள் தகர டப்பாவை அடுக்கிவைத்துச் சுட்டுப் பழகுவதும் இதில்தான். பல வீடுகளில் இப்படியொரு ரைஃபிள் இருக்கும். கோழிக் கூண்டுப் பக்கம் நரி மாதிரியான கயோட்டி ஒன்று தலைகாட்டினால் கைக்கு முதலில் அகப்படுவதும் அதுதான். வழக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது. "எங்க தாத்தா பாயின்ட் டூ டூவிலேயே எத்தனையோ கயோட்டியைச் சாய்த்தவர்" என்று ஒரு கட்சி. "அதை வைத்துக் கயோட்டியைச் சுடுவது பாவம்" என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியுமே பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை.

கயோட்டியை நம் ஊர் நரியின் அமெரிக்கப் பங்காளி என்று சொல்லலாம். நரியைவிடக் கொஞ்சம் பெரியது. மேற்குச் சமவெளிகளில் 9 முதல் 16 கிலோ வரை. வடகிழக்கு மாநிலங்களில் ஓநாய் ரத்தமும் கலந்திருப்பதால் 20 கிலோவைத் தொடுவதும் உண்டு. பெயர் மெக்சிகோவின் நஹுவாட்டில் மொழியிலிருந்து வந்தது. விலங்கியலாளர் தாமஸ் சே 1823-ல் இதற்கு அறிவியல் பெயர் கொடுத்தபோது இது பெரும்பாலும் மேற்கத்திய விலங்கு. வெள்ளையர்கள் ஓநாய்களை ஒழித்துக்கட்டிய பிறகு, காலியான இடத்தில் இது பரவி, இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. சிகாகோ நகருக்குள்ளேயே குட்டி போட்டு வளர்க்கிறது. அமெரிக்காவில் மிருகங்கள் அடித்து ஆடுகளும் குட்டிகளும் சாவதில் முதலிடம் கயோட்டிக்குத்தான். அதனால் டெக்சாஸ் போன்ற பல மாநிலங்களில் வருடம் முழுக்கச் சுடலாம். நியூயார்க் மாதிரி சில மாநிலங்கள் அக்டோபர் முதல் மார்ச் வரை என்று பருவம் வைத்திருக்கின்றன. யூட்டா மாநிலம் 2012-ல் தலைக்கு 50 டாலர் சன்மானமே அறிவித்தது. இந்தியாவில் கதை வேறு. நரியைச் சுட்டால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். ஆக, இங்கே சொல்வதெல்லாம் அந்த ஊர் விவகாரம்.

சரி, அந்த விளிம்புப் பள்ளத்துக்கு வருவோம். வழக்கின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

பெரிய ரைஃபிள் தோட்டாக்களில் பிரைமர் என்ற சின்னக் கிண்ணம் அடிப்பாகத்தின் நடுவில் தனியாகப் பொருத்தப்பட்டிருக்கும். அதைச் சுற்றியுள்ள பித்தளை தடிமனானது. இவை சென்டர்ஃபயர். ரிம்ஃபயரில் அந்தக் கிண்ணம் கிடையாது. கூட்டின் அடி விளிம்பு உள்ளே குழிவாக மடிந்திருக்கும். ஈரமான பிரைமர் கலவையைத் துளி வைத்துக் கூட்டைச் சுழற்றினால் கலவை அந்த மடிப்புக்குள் ஓடி ஒட்டிக்கொள்ளும். ஊசி விளிம்பை நசுக்கும்போது மடிப்பின் இடையில் மாட்டிய கலவை பொறிவிடும். தீப்பெட்டி மருந்தைக் கல்லில் வைத்து நசுக்கிய பையன்களுக்கு விளக்கவே வேண்டாம்.

சிக்கல் இதுதான். விளிம்பு நசுங்க வேண்டுமென்றால் பித்தளை மெல்லியதாக இருந்தாக வேண்டும். மெல்லிய பித்தளை அதிக அழுத்தம் தாங்காது. தகர டப்பாவைக் குக்கராக்க முடியுமா? பாயின்ட் டூ டூ தோட்டாவுக்குள் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு. கயோட்டி வேட்டைக்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் டூ டூ த்ரீ ரெமிங்டன் என்ற சென்டர்ஃபயரில் அது 55,000. குண்டை உந்தித் தள்ளுவது அந்த அழுத்தம்தான் என்பதால் மற்ற வித்தியாசமெல்லாம் அதன் வழியே வந்துவிடுகிறது.

பெயர்களைக் கேட்டு ஏமாறுபவர்கள் நிறைய. டூ டூ, டூ டூ த்ரீ என்றால் ஏதோ அண்ணன் தம்பி போலத் தோன்றும். இரண்டின் குண்டுக்கும் குறுக்களவு கிட்டத்தட்ட ஒன்றே. வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அப்புறம் எதில் வேறுபாடு என்றால், வேகத்தில். டூ டூ எல்ஆர் (லாங் ரைஃபிள்) என்கிற வழக்கமான பாயின்ட் டூ டூ தோட்டாவில் குண்டின் எடை 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம், ஒரு சவரனில் மூன்றில் ஒரு பங்கு. குழலை விட்டுக் கிளம்பும்போது வேகம் நொடிக்குச் சுமார் 1,250 அடி. ஆற்றல் சுமார் 140 அடி-பவுண்டு. ஒரு பவுண்டு எடையை ஓர் அடி தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டுமோ அது ஒரு அடி-பவுண்டு. டூ டூ த்ரீயில் குண்டு 3.6 கிராம், வேகம் 3,240 அடி, ஆற்றல் 1,280 அடி-பவுண்டு. ஒன்பது மடங்கு!

இந்த எண்களை எதோடு ஒப்பிடுவது? இங்கிலாந்தில் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. அங்கே முன்ட்ஜாக் என்ற குட்டை மான் தோட்டங்களில் புகுந்து மேய்கிறது. எடை ஏறத்தாழ கயோட்டியின் எடைதான், 10 முதல் 18 கிலோ. அதைச் சுட வேண்டுமானால் குண்டு குறைந்தது 50 கிரெய்ன் இருக்க வேண்டும், ஆற்றல் 1,000 அடி-பவுண்டுக்குக் குறையக்கூடாது என்று அந்த நாட்டுச் சட்டம் சொல்கிறது. பெரிய மான்களுக்கு இதைவிடக் கடுமை. இதுவே சிறிய மான்களுக்கென்று தளர்த்திய விதி. அந்த அளவுகோலில் டூ டூ எல்ஆர் ஏழில் ஒரு பங்குகூடத் தேறாது. அமெரிக்கச் சட்டங்கள் மானுக்குத் துப்பாக்கி விஷயத்தில் விதி வைக்கின்றன, கயோட்டிக்குப் பெரும்பாலும் வைப்பதில்லை. சதையும் எலும்பும் எடையும் ஒன்றாக இருக்கும்போது ஒரு மிருகத்துக்குக் கிடைக்கும் கரிசனம் இன்னொன்றுக்குக் கிடைக்காததற்குக் காரணம், ஒன்றை வேட்டைப் பிராணி என்றும் மற்றதைத் தொல்லை என்றும் பதிந்துவைத்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ரிம்ஃபயர் என்றால் டூ டூ எல்ஆர் ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். பிரெஞ்சுக்காரர் ஃப்ளோபேர் 1845-ல் வீட்டுக்கூடத்தில் சுட்டு விளையாட ஒரு குட்டித் தோட்டா செய்தார். 1857-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் கைத்துப்பாக்கிக்காக டூ டூ ஷார்ட்டைக் கொண்டுவந்தது. 1887-ல் ஸ்டீவன்ஸ் நிறுவனம் செய்ததுதான் இன்றைய எல்ஆர். கரிமருந்துக் காலத்துத் தோட்டா. அளவு இன்னும் மாறவில்லை. 1959-ல் வின்செஸ்டர் நிறுவனம் இன்னும் பெரிய கூட்டோடு டூ டூ மேக்னம் கொண்டுவந்தது. அதே 40 கிரெய்ன் குண்டுக்கு நொடிக்கு 1,900 அடி வேகம், 320 அடி-பவுண்டு வரை ஆற்றல். 2002-ல் ஹார்னடி நிறுவனம் அந்த மேக்னம் கூட்டின் கழுத்தை ஒடுக்கி, 17 கிரெய்ன் குண்டு ஒன்றைச் செருகி, செவன்டீன் ஹெச்எம்ஆர் என்று விட்டது. குண்டின் எடை 1.1 கிராம், எட்டொன்பது குன்றிமணி வைத்தால் சரியாக இருக்கும். வேகம் மட்டும் 2,550 அடி.

இவற்றில் எனக்குப் பிடித்த கதை கடைசியாக வந்ததுடையது. கட்டட வேலையில் கான்கிரீட்டுக்குள் ஆணி இறக்க, வெடிமருந்தில் இயங்கும் ஆணித் துப்பாக்கிகள் உண்டு. அவற்றுக்கான தோட்டாவும் ரிம்ஃபயர்தான், ஆனால் பித்தளை தடிமனானது, 27 காலிபர் அளவு, அதாவது குறுக்களவு அங்குலத்தில் நூறில் 27 பங்கு. வின்செஸ்டர்காரர்கள் அந்தக் கூட்டையே எடுத்துக் கழுத்தை ஒடுக்கி 17 காலிபர் குண்டை வைத்தார்கள். செவன்டீன் டபிள்யூஎஸ்எம் என்ற பெயரில் 2012-ல் அறிவித்தார்கள். 20 கிரெய்ன் குண்டுக்கு நொடிக்கு 3,000 அடி, 400 அடி-பவுண்டு. தடித்த விளிம்பை நசுக்க ஊசி பலமாக அடிக்க வேண்டும் என்பதால் பழைய ரைஃபிள்களைத் தட்டிக்கொட்டிப் பயன்படுத்த முடியவில்லை, புதிதாகவே செய்ய வேண்டியிருந்தது. ரிம்ஃபயர்களில் கயோட்டிக்கு ஏற்றது என்று தயக்கமில்லாமல் சொல்லத்தக்கது இது ஒன்றுதான். அதுவும் டூ டூ த்ரீயில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே.

மேலே சொன்ன ஆற்றல் எல்லாம் குழல்வாயில். கயோட்டி குழல்வாயில் வந்து நிற்காது. 100 கெஜம் போனதும் எல்ஆரின் 140 என்பது 90 ஆகிவிடும். மேக்னம் பாதியாகி 155-க்கு வரும். ஹெச்எம்ஆர் 245-ல் தொடங்கி 136. டபிள்யூஎஸ்எம் மட்டும் 278 மிச்சம் வைத்திருக்கும்.

கயோட்டி வேட்டை நடக்கும் விதத்தைப் பார்த்தால் இந்தத் தூரம் ஏன் முக்கியம் என்று புரியும். பொதுவாக யாரும் கயோட்டியைத் தேடிப் போவதில்லை, வரவழைக்கிறார்கள். வயோமிங் பக்கம் ஒரு ஜனவரிக் காலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பனி பொறுக்குத் தட்டிக் கிடக்கிறது. முழங்கால் உயரச் சேஜ்பிரஷ் புதர் ஒன்றில் முதுகைச் சாய்த்து ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எதிரே கொஞ்சத் தூரத்தில் ஒரு ஒலிப்பெட்டி, அடிபட்ட முயலின் அலறலை விட்டுவிட்டுக் கத்துகிறது. கால் மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் தொலைவில், மேட்டின் மேல், சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று நிற்கிறது. எப்போது வந்தது என்று தெரியாது. அது நேரே ஓடிவராது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ, அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வரும். சத்தத்தை மூக்கால் சரிபார்க்காமல் கிட்டே வருவது அதன் வழக்கமில்லை. வேட்டைக்காரருக்கும் இது தெரியும். அதனால்தான் காற்று குறுக்கே அடிக்கும்படி இடம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், அது சுற்றி வரும் வழி தன் கண்ணெதிரே விழுவதற்காக.

இப்போது பாருங்கள். குறுக்குக் காற்றைத் தேடித்தேடி உட்கார்ந்தாயிற்று. ரிம்ஃபயர் குண்டுக்குப் பிடிக்காத விஷயமும் அதுவேதான். மணிக்குப் பத்து மைல் காற்று, அதாவது பனித்துகளை லேசாக நகர்த்தும் காற்று, 100 கெஜத்தில் ஹெச்எம்ஆர் குண்டை நான்கு அங்குலம் போலத் தள்ளிவிடும். எல்ஆரை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. பருத்த முடியைக் கழித்துவிட்டால் கயோட்டியின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஐந்து அங்குல உயரம் இருந்தால் அதிகம். குறி நெஞ்சின் நடுவில், குண்டு வயிற்றில்! எல்ஆருக்கு இன்னொரு குறையும் உண்டு. 50 கெஜத்துக்குக் குறி சரிசெய்த ரைஃபிளில், 100 கெஜத்தில் குண்டு ஆறு அங்குலத்துக்கு மேல் தாழ்ந்து விழும். போய்ச் சேரக் கால் நொடிக்கு மேல் ஆகிறது. நடந்துகொண்டிருக்கும் கயோட்டி அதற்குள் பாதி அடி எடுத்துவைத்துவிடும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். டூ டூ த்ரீ மாதிரி வேகமான குண்டு உள்ளே போனதும் சிதைந்து, சுற்றியுள்ள திசுவையும் கிழித்துவிடும். மிருகம் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே விழும். எல்ஆர் குண்டு பென்சில் கனத்துக்கு ஒரு துளை போடுகிறது, அவ்வளவுதான். அந்தத் துளை இரண்டு நுரையீரலையும் கடந்தால் கயோட்டி நிச்சயம் சாகும். எப்போது, எங்கே என்பதுதான் கேள்வி. நூறு இருநூறு கெஜம் ஓடி, ஒரு ஓடைப் பள்ளத்தில் படுத்து, அங்கே சாகும். ரத்தக் கறை தடம் காட்டுமா என்றால் அதுவும் நிச்சயமில்லை. குளிர்கால முடி அந்தச் சின்னத் துளையை அடைத்து ரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஹெச்எம்ஆரில் தொல்லை வேறு மாதிரி. குண்டு மெல்லிய தோலுடையது, தொட்டதும் பொடியாகும்படி செய்தது. தரை அணிலுக்கும், புல்வெளி நாய் என்று பெயர் வாங்கிய குட்டிக் கொறிணிக்கும் பிரமாதம். கயோட்டியின் தோள் எலும்பில் பட்டால் மேலேயே உடைந்து, அகலமான, ஆழமில்லாத புண்ணை உண்டாக்கிவிட்டு முடிந்துபோகலாம்.

தாத்தா கதைகளின் சூட்சுமம் இங்கேதான். விழுந்த கயோட்டியை எல்லோரும் எண்ணுகிறார்கள். வால் துடித்துப் புதருக்குள் மறைந்ததை "தவறிவிட்டது" என்ற கணக்கில் எழுதுகிறார்கள். அது மறுநாள் எங்கே கிடந்தது என்று போய்ப் பார்த்தவர் எத்தனை பேர்? இன்னொன்று, அந்தத் தாத்தாக்களில் பலர் பொறி வைத்துப் பிடித்தவர்கள். காலைப் பிடித்துவைத்த பொறியில் அசையாமல் நிற்கும் கயோட்டியை ஐந்தாறு அடி தூரத்திலிருந்து தலையில் சுடுவதற்கு எல்ஆர் தாராளம்; இன்றுவரை பொறிக்காரர்கள் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணிக்கையைத் திறந்தவெளி வேட்டைக்கு நீட்டிக்கொண்டதால் வந்த குழப்பம்தான் பாதி.

ஆனாலும் ரிம்ஃபயரை விடாமல் பிடித்திருப்பதற்கு உருப்படியான காரணங்களும் உண்டு. முதலாவது சத்தம். அக்கம்பக்கத்தில் வீடுகள், தொழுவத்தில் கன்று ஈனப்போகும் மாடுகள் என்று இருக்கும் இடத்தில் நடு இரவில் டூ டூ த்ரீயை வெடித்தால் ஊரே எழுந்துகொள்ளும். கயோட்டிகள் ஜோடியாக வரும்போது முதல் வெடியின் சத்தம் குறைவாக இருந்தால் இரண்டாவது திகைத்து நிற்கவும் வாய்ப்புண்டு. இரண்டாவது சட்டம்: சில மாநிலங்களில், குறிப்பிட்ட வட்டாரங்களில் அல்லது இரவு நேரத்தில், சென்டர்ஃபயர் ரைஃபிளுக்கு அனுமதியே கிடையாது. அங்கே ஷாட்கன், இல்லையென்றால் ரிம்ஃபயர். எனக்குக் கேட்டால், நாற்பது கெஜத்துக்குள் என்றால் பெரிய ரவை போட்ட ஷாட்கன் எல்ஆரைவிட இரக்கமானது.

மூன்றாவது தோல். சென்டர்ஃபயர் குண்டு வெளியேறும் பக்கம் பிய்த்துப் போட்டுவிடும். தைத்து விற்றால் விலை குறையும். ரிம்ஃபயரில் துளை இருப்பதே தெரியாது. குளிர்கோட்டுகளின் தொப்பியில் கயோட்டி முடியைக் கரையாக வைத்துத் தைக்கும் மோகம் இருந்த ஆண்டுகளில் இந்த வாதத்துக்கு நல்ல வலு இருந்தது. அந்த மோகத்தை வளர்த்ததில் பெரும்பங்கு கனடா கூஸ் நிறுவனத்துடையது. 2022-க்குள் முடியைக் கைவிடுவதாக 2021-ல் அதே நிறுவனம் அறிவித்தது. மேற்கத்தியத் தோலுக்கு இருந்த கிராக்கி சரிந்தது. இன்று சுட்ட கயோட்டியை உரிக்காமலேயே விட்டுப்போகிறவர்கள் இருக்கும்போது, தோல் கெடக்கூடாது என்பதற்காகச் சின்னக் குண்டு என்று சொல்வது அவ்வளவாக எடுபடுவதில்லை.

விலை நான்காவது காரணம். ரிம்ஃபயர் தோட்டா மலிவு, ஐந்நூறு ஐந்நூறாகக் கட்டி விற்பார்கள். 2013-ல் துப்பாக்கிச் சட்டம் கடுமையாகும் என்ற பயத்தில் ஆளாளுக்கு வாங்கிப் பதுக்கியதால் அந்த மலிவுத் தோட்டாவே கடைகளில் மறைந்துபோன கூத்தும் நடந்தது. நான்கைந்து தோட்டா செலவாகும் வேட்டைக்கு விலை ஒரு காரணமா என்பது வேறு விஷயம். பயிற்சிக்கு என்றால் சரி.

கலிஃபோர்னியாவில் இன்னொரு முடிச்சு விழுந்தது. செத்த மிருகத்தைத் தின்னும் காண்டோர் கழுகுகள், உள்ளே கிடக்கும் ஈயத் துகளால் செத்துக்கொண்டிருந்தன. அதனால் 2019 ஜூலை 1 முதல் அந்த மாநிலத்தில் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. சென்டர்ஃபயருக்குச் செம்புக் குண்டு சுலபமாக அமைந்துவிட்டது. எல்ஆருக்கு அப்படி இல்லை. ஈயத்தைவிட எடை குறைந்த பொருளில் அதே அளவு குண்டு செய்தால் லேசாகிவிடும். ஏற்கெனவே இல்லாத பலத்தில் இன்னும் கொஞ்சம் போய்விடும்.

அனுபவஸ்தர்கள் சொல்லும் தூரங்கள் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. எல்ஆர் என்றால் 50 கெஜத்துக்குள், நின்றிருக்கும் கயோட்டி, தலை அல்லது காதுக்குக் கீழே கழுத்து. அதற்கு மேல் விசையில் விரல் போகக்கூடாது. மேக்னமும் ஹெச்எம்ஆரும் 100 கெஜம் வரை, பக்கவாட்டில் நின்றால் மட்டும், தோள் எலும்பைத் தவிர்த்து. டபிள்யூஎஸ்எம் 150 வரை போகலாம். கொட்டகை வாசலில் டார்ச் வெளிச்சத்தில் ஆட்டுக்குட்டியோடு நிற்கும் கயோட்டி என்றால் முதல் வரிக்குள் அடங்கிவிடும். மேட்டின் மேல் நிற்கும் சாம்பல் புள்ளி எந்த வரிக்குள்ளும் அடங்காது.

பலவீனமான குண்டு என்று இவ்வளவு நேரம் பேசியதால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஈய எல்ஆர் குண்டுக்குத் தெறித்து ஓடும் குணம் உண்டு. உறைந்த தரையிலோ, குட்டைப் பனிக்கட்டியிலோ, கல்லிலோ சாய்வாகப் பட்டால் உடையாமல் விசிலடித்துக்கொண்டு திசைமாறிப் போகும். வேகமான சென்டர்ஃபயர் குண்டும் ஹெச்எம்ஆரும் பெரும்பாலும் பட்ட இடத்திலேயே சிதறிவிடுகின்றன. இது மட்டும் முழுசாகப் பறக்கும். 50 கெஜத்துக்கு மேல் கயோட்டியை ஒழுங்காகக் கொல்ல வக்கில்லாத அந்தக் குண்டு எங்கே போய் நிற்கும் என்று தோட்டாப் பெட்டியின் ஓரத்திலேயே எச்சரிக்கையாக அச்சிட்டிருக்கிறார்கள்: ஒன்றரை மைல்.